ஜேபு கம்பெனிக் கணக்கில் என் அக்கா

என் அக்கா வத்சலா காலமான விஷயம் பசவனகுடியில் எல்லோருக்கும் தெரியும். மாநகராட்சிக்குத் தெரியும். பேங்குக்குத் தெரிந்து, காரியங்கள் முடிவதற்குள்ளேயே அவள் கணக்கை முடக்கிவிட்டார்கள். காஸ் ஏஜென்சிக்காரர் துக்கம் விசாரிக்க வந்தபோதே பேர் மாற்றும் பாரத்தையும் கையோடு கொண்டுவந்தார். ஜேபு கம்பெனிக்கு மட்டும் தெரியாது. நாங்கள் தெரிவிக்க முயற்சி செய்யவில்லை என்று யாரும் குறை சொல்லிவிட முடியாது.

ஜேபு என்றால் எங்கள் கன்னடத்தில் சட்டைப்பை. வீட்டு வரவுசெலவை செல்போனில் எழுதிவைக்கவும், அதிலேயே பணம் போட்டு அனுப்பவும் ஆன ஆப் அது. அதற்கு முன்பெல்லாம் மனிதர்கள் செலவு செய்துவிட்டு, மறந்துபோய், நிம்மதியாக இருந்தார்கள். அக்காவின் மகள் டொரொன்டோவிலிருந்து லீவில் வந்தபோது அம்மா அப்பா இருவரையும் அதில் சேர்த்துவிட்டுப் போனாள். அக்காவைக் குடும்பத் தலைவி என்று போட்டாள். பாவாவைச் 'சார்ந்திருப்பவர்' என்று போட்டாள். அக்காவின் வீட்டுக்காரர் ருக்மாங்கதனைத்தான் நான் பாவா என்பேன். கடிகாரத் தொழிற்சாலையில் முள் சரியாக ஓடுகிறதா என்று பார்த்தே தலை நரைத்தவர். 'சார்ந்திருப்பவர்' என்பதைப் படித்துவிட்டு, "கம்பெனிக்காரன் நல்லா விசாரிச்சுட்டுத்தான் போட்டிருக்கான்" என்றார்.

அக்காவுக்கு அந்த ஆப் பிடித்துப்போயிற்று. கொத்தமல்லிக் கட்டு முதல் கோயில் தட்டில் போட்டது வரை எழுதுவாள். கௌரி ஹப்பத்துக்கு நான் அனுப்பும் பணத்தையும் 'தம்பி கொடுத்தது' என்று தனித் தலைப்பில் எழுதுவாள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அந்தப் பண்டிகைக்குப் பணம் போகவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அப்பா இருந்தவரை மணியார்டர். பிறகு நான், ஜேபு வழியாக.

அவள் போனது தை மாதக் கடைசியில். மார்பு வலிக்கிறது என்று சொன்னாள். பாவா ஆட்டோ கூட்டிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

ஜேபு கம்பெனி மாதம் தவறாமல் ஒரு புதிய வசதியை வெளியிடும். வேண்டும் என்று யாரும் மனுப் போட்டதாகத் தெரியவில்லை. அந்த மாத வசதியின் பெயர் 'முன்னறிவு'. நீங்கள் செலவு செய்வதற்கு முன்னாலேயே அது செலவை எழுதிவிடும். காரியங்களின் கடைசி நாளான வைகுண்ட சமாராதனை முடிந்து, பந்தல்காரன் பந்தலைப் பிரித்துக்கொண்டு போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை. நானும் பாவாவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்திருந்த அக்காவின் போன் 'டிங்' என்றது.

"வத்சலா, இன்று வெள்ளி! காந்தி பஜாரில் மல்லிகைப் பூ இரண்டு முழம். எழுதிவிட்டோம்." பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

பாவா அதைப் படித்துவிட்டு வெகுநேரம் போனைக் கீழே வைக்கவில்லை. பிறகு, "அழிச்சுடு நரஹரி" என்று என்னிடம் கொடுத்தார். அழித்தேன். ஏன் அழிக்கிறீர்கள் என்று அது கேட்டது. மறந்துவிட்டேன், சிக்கனம், உடம்பு இளைக்க முயற்சி, வெளியூர் என்று நாலு காரணம் கொடுத்திருந்தார்கள். இதில் எதையாவது தொட்டால்தான் நகரும்.

"எதைத் தொடறது பாவா?"

"வெளியூர்னு போடு. அதான் கொஞ்சம் கிட்டக்க வருது."

போட்டேன். "பயணம் இனிதாகட்டும் வத்சலா! திரும்பும் தேதி?" என்று கேட்டது. பாவா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

வாராவாரம் இப்படித்தான். அழித்தால் காரணம் கேட்கும். அழிக்காமல் விட்டால் கையிருப்பு இடிக்கிறது என்று சிவப்பில் எழுதிக் காட்டும். கணக்கில் பூ வாங்கியாயிற்று, பணம் மட்டும் பர்ஸில் அப்படியே இருக்கிறதே, எப்படி? கடிகார முள்ளில் நூலிழை பிசகையே பொறுக்காத மனுஷர், கணக்கு இடிப்பதைப் பொறுப்பாரா? ஒரு வெள்ளிக்கிழமை செருப்பைப் போட்டுக்கொண்டு காந்தி பஜாருக்குப் போய் இரண்டு முழம் வாங்கிவந்து போட்டோவுக்குப் போட்டார். சிவப்பு எழுத்து மறைந்தது. "கணக்கு சரியாயிடுச்சு" என்று என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு கணக்குக்காகத்தான் வாங்குகிறார் என்று நானும் நம்புவதாகக் காட்டிக்கொண்டேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை அவருக்கு. "அவ போயாச்சுன்னு நான் ஒவ்வொரு வெள்ளியும் புதுசா தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு நரஹரி. அவ பேரை எடுத்துடச் சொல்லு. நிம்மதியா போகட்டும்" என்றார். ஜேபு ஆபீசுக்குப் போனோம்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் கண்ணாடிக் கட்டடம். உள்ளே நாற்காலி கிடையாது, துணிமூட்டை மாதிரி மெத்தைகள் கிடந்தன. பாவா ஒன்றில் உட்கார்ந்ததும் இடுப்புவரை உள்ளே போய்விட்டார். நடுக்கூடத்தில் கோயில் மணி ஒன்று தொங்கியது. புதிய வசதி பிறந்தால் அதை அடிப்பார்களாம். நாங்கள் காத்திருந்த நேரத்துக்குள் ரெண்டு தடவை அடித்தார்கள். அடிக்கும்போதெல்லாம் எல்லோரும் எழுந்து கைதட்ட வேண்டும் என்பது அங்கே விதி. பாவாவால் எழுந்திருக்க முடியாததால் உட்கார்ந்தபடியே தட்டினார்.

வாடிக்கையாளர் ஆனந்த அதிகாரி வந்தாள். ஸ்பூர்த்தி என்று பெயர். நல்ல பெண்தான். என்ன சொன்னாலும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "உங்க வலி எனக்குப் புரியுது சார்" என்பாள்.

"அம்மா, என் மனைவி இறந்துட்டா. அவ பேரை எடுக்கணும்" என்றார் பாவா.

"உங்க வலி எனக்குப் புரியுது சார். ஒரு சின்ன நடைமுறை. குடும்பத்துல ஒரு உறுப்பினர் இறந்தா, அதைக் குடும்பத் தலைவிதான் தெரிவிக்கணும்."

"தலைவிதாம்மா இறந்தது."

"ஆமா சார். அவங்க தெரிவிக்கலாம்."

நான் இறப்புச் சான்றிதழை நீட்டினேன். அவள் அதை ரெண்டு கையாலும் மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். "காகிதத்தை நம்ப முடியாது சார், யார் வேணாலும் அச்சடிப்பாங்க. மேடம் தலைமைப் பொறுப்பை உங்களுக்கு மாத்திக் குடுத்துட்டா, நீங்களே அவங்க இறப்பைத் தெரிவிச்சுடலாம். அவங்க போனுக்கு ஓடிபி வரும். அப்புறம் அவங்க முகத்தை ஒரு தடவை காட்டினா போதும்."

"முகமா?" என்றேன்.

"முகம் சார். உயிரோட இருக்கிறவங்கதானான்னு பாக்கறதுக்கு. பாதுகாப்பு முக்கியமில்லையா?"

அந்த ஓடிபிக்காக அக்காவின் போனுக்கு பாவா மாதாமாதம் ரீசார்ஜ் செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு வழி தெரியாமல் மாலை போட்ட போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கி கேமரா முன் பிடித்தோம். "மாலையை அகற்றவும்" என்றது. அகற்றினோம். "இன்னும் அருகில் வரவும்." அருகில் கொண்டுபோனோம். "புன்னகை அருமை! இப்போது கண் சிமிட்டவும்." பாவா படத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார். எனக்கே ஒரு கணம், சிமிட்டிவிடுவாளோ என்று இருந்தது. சிமிட்டவில்லை. "பரவாயில்லை வத்சலா, ஓய்வெடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள்" என்றது ஜேபு. பாவா படத்தை வேட்டித் தலைப்பால் துடைத்து, திரும்ப மாட்டினார்.

ஆவணி பிறந்தது. கௌரி ஹப்பத்துக்கு முந்தின வாரம் என் போனுக்கு ஒரு செய்தி. "நரஹரி, உங்கள் அக்கா வத்சலா உங்களை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்." கீழே வழக்கமாக நான் அனுப்பும் தொகை. நான் அப்போது ஓட்டல் வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரை வைத்துவிட்டுத் தெருவிலேயே அழுதேன், ஐம்பத்தெட்டு வயதுக்காரன். அனுப்பிவிட்டேன். வேறு என்ன செய்ய? கூடப் பிறந்தவள் காத்திருக்கிறாள் என்று எழுத்தில் வந்தபிறகு அனுப்பாமல் இருக்க என்னால் முடியவில்லை. "வத்சலா மகிழ்ந்தார்" என்று பதில் வந்தது.

அப்புறம்தான் அந்தப் பரிசு. ஜேபுவின் 'சிக்கன சிரோமணி' விருதுக்கு வத்சலா தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார், குடும்பத்தோடு வரவும் என்று அழைப்பு. எழுதிய செலவுக்கும் நடந்த செலவுக்கும் இம்மியும் வித்தியாசம் இல்லாத ஒரே வாடிக்கையாளர் அவள்தானாம்.

"போவோம்" என்றார் பாவா. "முதலாளியே வரானாம். மைக்கைப் பிடிச்சுச் சொல்லிட்டா யாரும் இல்லன்னு சொல்ல முடியாது."

பெரிய ஓட்டலில் கல்யாண மண்டபம் மாதிரி அலங்காரம். வாசலில் பன்னீர் தெளித்தார்கள். முதலாளி சமர்த் உடுப்ப மேடை ஏறினார். முப்பத்தைந்து வயசிருக்கும். காலில் ஒரு லட்ச ரூபாய் ஷூவும் மேலே அழுக்குபோல் தெரியும்படி தைத்த சட்டையும். அவர் பேச்சை என்னால் முடிந்தவரை அப்படியே தருகிறேன்.

"நம்ம குடும்பத்துக்கு வணக்கம். பணம் முக்கியமே இல்லீங்க. அதனாலதான் உங்க பணத்தைப் பத்தி நீங்க யோசிக்காம, நாங்களே இருந்து யோசிக்கிறோம். ஆனா எங்க கஷ்டம் உங்களுக்குத் தெரியுமா? ஒருத்தரோட வருஷத்தை நாங்க ரூபாய் சுத்தமா கணிச்சு வைக்கிறோம். அவர் என்ன பண்றாரு? மழை வருதுன்னு போண்டா சாப்பிடறாரு. பழைய சிநேகிதனைப் பாத்தேன்னு சினிமாவுக்குப் போறாரு. பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டான்னு புடவை வாங்கறாரு. நாங்க கஷ்டப்பட்டு ஒரு வாழ்க்கையை ஒழுங்கா போட்டுக் குடுத்தா, அவர் வாழ்ந்து அதைக் கெடுத்துடறாரு!"

கைதட்டல்.

"ஆனா ஒரு வத்சலா மேடம் இருக்காங்க. போன தை மாசத்துலேர்ந்து ஒரு எதிர்பாராத செலவு உண்டா? ஆஸ்பத்திரி உண்டா? ஓட்டல் உண்டா? ஆப்பைப் பத்தி ஒரு புகார் உண்டா? இவங்கதாங்க நாங்க கனவு காணற வாடிக்கையாளர். இந்த நாட்டுல எல்லாரும் வத்சலா மேடம் மாதிரி ஆகற வரைக்கும் ஜேபு ஓயாது!"

எல்லோரும் எழுந்து தட்டினார்கள். பாவா மெல்லப் படியேறி மைக்கைப் பிடித்தார். "வத்சலா வரல. அவ செத்துப்போயிட்டா. அதைச் சொல்லத்தான் நான் வந்தேன்" என்றார்.

உடுப்ப ஒரு கணம் தடுமாறினார். ஒரு கணம்தான். பிறகு பாவாவின் தோளில் கைபோட்டார். "பாத்தீங்களா? போனப்புறமும் நம்மகிட்ட கணக்கு வெச்சிருக்காங்க. இந்த நம்பிக்கைக்கு நான் தலைவணங்கறேன். சார், நீங்க சரியான நேரத்துக்கு வந்தீங்க. இன்னிக்கு வெளியிடற புதிய வசதியே அதுதான். 'நாடி'. குடும்பத்துல யாரு இருக்காங்க, யாரு இல்லைன்னு செலவைப் பாத்தே அது சொல்லிடும். சான்றிதழ் வேணாம், சாட்சி வேணாம். உங்க குடும்பத்துக்கே முதல்ல பாத்துடலாமா?"

பாவா தலையாட்டினார். விஷயம் முடிந்தது என்று எனக்கும் ஆறுதல். யாரோ மணி அடித்தார்கள். பின்னால் திரை வெளிச்சமானது.

வத்சலா என்ற பெயருக்குக் கீழே வெள்ளிதோறும் மல்லிகை, கற்பூரம், போன் ரீசார்ஜ், தம்பி கொடுத்த பண்டிகைப் பணம். ருக்மாங்கதன் என்ற பெயருக்குக் கீழே அரை லிட்டர் பால், ரொட்டி. மறுபடி பால், ரொட்டி. பேப்பர் நிறுத்தியாகிவிட்டது. முடிவெட்டிய செலவு இல்லை. பஸ் இல்லை, பழம் இல்லை, வெற்றிலை இல்லை. தை மாதத்துக்கு அப்புறம் அந்தப் பத்தியில் ஒரு மனுஷன் இருந்ததற்கான அடையாளமே இல்லை.

திரையில் ஒரு கோடு மேலும் கீழும் ஓடி நின்றது. "வத்சலா: நலம். ருக்மாங்கதன்: நாடி இல்லை."

உடுப்ப உடனே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "நம்ம குடும்பத்துல ஒருத்தரை இழந்துட்டோம். ருக்மாங்கதன் ஆத்மா சாந்தியடைய எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நிக்கணும்" என்றார். முந்நூறு பேர் எழுந்து நின்றார்கள். பாவாவும் சபை மரியாதைக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கோப்பையை அவர் கையிலேயே கொடுத்து, மேடத்திடம் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொண்டார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "முட்டாப் பசங்க! மேடையில நிக்கற ஆளைச் செத்துட்டாங்கறானுங்க. நீங்களும் எழுந்து நிக்கிறீங்க!"

பாவா கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அது சொன்னதுல பெருசா ஒண்ணும் தப்பில்ல நரஹரி" என்றார்.

வாராவாரம் அந்த வீட்டுக்குப் போய்வருகிறேன். அவர் சாப்பிடுகிறாரா என்று ஒரு நாள்கூட அடுப்படியை எட்டிப் பார்க்கத் தோன்றவில்லையே எனக்கு.

அடுத்த வெள்ளி நான் இட்லி வாங்கிக்கொண்டு போனபோது பாவா வெளியே கிளம்புகிற சட்டையோடு உட்கார்ந்திருந்தார். போன் எதிரில் இருந்தது. 'டிங்' வரவில்லை. இட்லி ஆறிப்போயிற்று. "பூ எழுதலையே இன்னும்?" என்றார். மத்தியானம் ஒரு செய்தி வந்தது. நான்தான் எடுத்துப் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

"அன்புள்ள வத்சலா, உங்கள் கணவரின் மறைவுக்கு ஜேபு குடும்பத்தின் ஆழ்ந்த இரங்கல். இனி உங்களுக்குத் தேவைப்படாத தலைப்புகளை நாங்களே நீக்கிவிட்டோம்: பூ, வளையல், மஞ்சள் குங்குமம், கௌரி பூஜை. இதனால் உங்களுக்குக் கணிசமான தொகை மிச்சம். வாழ்த்துகள்!"

கூடவே என் போனும் ஒலித்தது. நான் அனுப்பிய பண்டிகைப் பணம் திரும்ப வந்திருந்தது. பெறுபவர் தகுதி இழந்துவிட்டாராம்.

பாவா எழுந்துவிட்டார். சுமங்கலியாகப் போகவேண்டும் என்று அக்கா வாய்விட்டே வேண்டிக்கொண்டவள். அப்படியே போனாள். அன்றைக்குத் தெருப் பெண்களெல்லாம் வந்து அவளைக் குளிப்பாட்டி, பச்சைப் புடவை கட்டி, கை நிறையப் பச்சை வளையல் போட்டு, தலை கொள்ளாமல் பூ வைத்தார்கள். முத்தைதெயாக, சுமங்கலியாகப் போகிறாள், கொடுத்துவைத்தவள் என்று ஒவ்வொருத்தியும் காலைத் தொட்டு, அவள் நெற்றிக் குங்குமத்தைத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டாள். பாவாவுக்கு அந்த வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

"நான் குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்கேன். என் பொண்டாட்டி தலையிலேர்ந்து பூவை எடுக்க இவன் யாருடா?" என்று கத்தினார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "அவளை விடுன்னு கேட்டேன். விதவையாக்குன்னா கேட்டேன்? கிளம்பு!"

ஜேபு ஆபீசில் ஸ்பூர்த்தி அதே இடத்தில் இருந்தாள். பாவா இந்தத் தடவை மூட்டையில் உட்காரவில்லை.

"உங்க வலி எனக்குப் புரி..."

"புரிய வேணாம். பூவைத் திருப்பிப் போடு. யாரு எடுத்தது அதை?"

"யாரும் எடுக்கல சார். லட்சக்கணக்கான குடும்பங்களோட செலவைப் பாத்து மெஷின் தானா கத்துக்கிட்டது. கணவர் போனப்புறம் பெண்கள் பூ வாங்கறதில்லையாம்."

"ஏன் வாங்கலன்னு உங்க மெஷின் கேட்டுதா?"

"'ஏன்'ங்கற வசதி இன்னும் வரல சார். அடுத்த வெளியீட்டுல இருக்கு."

"சரி, என்னை எழுப்பு. நான்தான் உன் எதிர்ல நிக்கிறேனே?"

"நிக்கறது தெரியுது சார். ஆனா அதுக்கு ரசீது இல்லையே. இருக்கிறவங்க இறக்கிறதுக்குத்தான் வழி வெச்சிருக்கோம். இறந்தவங்க திரும்பி வர்ற மாதிரி யாரும் கேட்டதில்ல." உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். சட்டென்று முகம் மலர்ந்தது. "சார், ஒண்ணு பண்ணலாம். மேடம் மறுமணம் செஞ்சுக்கலாமே?"

நான் பாவாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தேன்.

"நாங்க முற்போக்கான கம்பெனி சார். போன வாரம்தான் 'புது வாழ்வு' வசதி வெளியிட்டோம். மேடத்துக்குக் கல்யாணம்னு பதிஞ்சா பூ, வளையல், குங்குமம் எல்லாம் தானா திரும்பிடும். மாப்பிள்ளை யாரு வேணாலும் இருக்கலாம். நீங்களே இருக்கலாம்."

"நான் இருக்கலாமா?" என்றார் பாவா.

"தாராளமா சார். உங்களுக்குத் தடையே இல்ல. நீங்க மனைவியை இழந்தவர்னு சொல்றீங்க. மேடம் கணவரை இழந்தவங்க. ரொம்பப் பொருத்தம்."

பாவா என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கிறாரா, அழப்போகிறாரா என்று தெரியவில்லை. "போடும்மா" என்றார்.

அவள் பதிய ஆரம்பித்தாள். மாப்பிள்ளை பெயர் ருக்மாங்கதன் என்றதும், அது இறந்தவர் பெயர் என்று மறுத்தது. ருக்மாங்கதன் இரண்டு என்று போட்டாள். ஏற்றுக்கொண்டது. சம்பளம், குடிப்பழக்கம், முதல் திருமணமா என்றெல்லாம் கேட்டது. பாவா பெண் பார்க்க வந்தவர்போல் அடக்கமாகப் பதில் சொன்னார். விஷயம் பரவி, மடிக்கணினியும் கையுமாகப் பையன்களும் பெண்களும் சுற்றி நின்றுவிட்டார்கள். இந்த வசதியில் இதுதான் முதல் கல்யாணமாம். ஒருத்தன் மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றான். இன்னொருத்தி எங்கிருந்தோ மைசூர்பாகு கொண்டுவந்தாள்.

"கடைசி படி சார். மணப்பெண் சம்மதம் மட்டும்தான் பாக்கி. இப்ப மேடம் போனுக்கு வரும்."

பாவாவின் சட்டைப்பையில் அக்காவின் போன் 'டிங்' என்றது. அவர் எடுத்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

"வத்சலா, ருக்மாங்கதனைத் திருமணம் செய்துகொள்ள உங்களுக்கு விருப்பமா?" கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். மேலே நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

இத்தனை மாதமாக அவள் போனில் வந்ததற்கெல்லாம் பாவாதான் பதில் அழுத்திக்கொண்டிருந்தார். இதையும் அழுத்திவிடுவார் என்று நினைத்தேன். கட்டைவிரலைக் கொண்டுபோனவர் நிறுத்திக்கொண்டார்.

"சார், 'ஆம்'ங்கறதைத் தொடுங்க. நேரம் போகுது" என்றாள் ஸ்பூர்த்தி.

"நரஹரி," என்றார் பாவா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "அன்னிக்கு உங்க வீட்டுல யாராவது இதை அவகிட்ட கேட்டீங்களா?"

பெண் பார்க்க அவர்கள் வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அப்பா ஜாதகத்தைப் பார்த்தார். சோமண்ண மாமா மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்டார். அம்மா கேசரி பாத்துக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். அக்கா தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். சாயங்காலத்துக்குள் தேதி குறித்துவிட்டார்கள்.

"யாரும் கேட்கல பாவா."

"நானும் கேட்கல. அப்புறம் இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட கேட்கல. என்ன சொல்லியிருப்பா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அவளோடு ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.

நேரம் முடிந்து கட்டங்கள் மறைந்தன. கூடி நின்றவர்கள் 'ஐயோ' என்றார்கள். மணிக் கயிற்றுக்காரன் கையை எடுத்தான். "பரவாயில்ல சார், மறுபடி அனுப்பறேன். இந்தத் தடவை டக்குனு தொட்டுடுங்க" என்றாள் ஸ்பூர்த்தி.

மறுபடி 'டிங்' என்றது. பாவா போனை மேசைமேல், தனக்கு எதிரே உட்காருகிறவர் படிக்கிற மாதிரித் திருப்பி வைத்தார். முதல் தடவையாக அங்கே ஒரு நல்ல நாற்காலி கேட்டார். யாரோ உள் அறையிலிருந்து கொண்டுவந்தார்கள். அதில் உட்கார்ந்து, ரெண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"சார், தொடலையா?"

"நான் எதுக்கும்மா தொடறது? அவளைத்தானே கேட்டிருக்கு? சொல்லட்டும்."

ஸ்பூர்த்தி வாயைத் திறந்தாள். அவளிடம் எப்போதும் இருக்கும் அந்த வாக்கியம் வரவில்லை. பையன்கள் ஒவ்வொருவராகத் தங்கள் இடத்துக்குப் போனார்கள். நான் பாவாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் பதில் எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. இன்னொரு நாற்காலி கேட்டு வாங்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.